வாடின செடிக்கு நான்தான் குற்றவாளியா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற இதழில் காய்கறிகளில் மண் வழியாக வரும் நோய்களை இயற்கை முறையில் கட்டுப்படுத்துவது பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். சரி, நல்ல விஷயம். ஆனால் நடுவில் பெட்டி கட்டி, 'கவனமாக இருக்கும் விவசாயியின் தோட்டத்தை வாடல் நோய் எட்டிக்கூடப் பார்க்காது' என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் எனக்குச் செம்மண் காடு. இரண்டு வருடம் முன்பு ஒன்றரை ஏக்கர் தக்காளி, முதல் பறிப்புக்கு நாலு நாள்தான் பாக்கி. காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் வெந்நீர் ஊற்றியது போலத் தொங்கும், சாயங்காலம் கொஞ்சம் தேறும், இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். இலை பழுக்கக்கூட இல்லை. உங்கள் பத்திரிகையில் போட்டிருந்தபடியே ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் மருந்து) மட்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்திருந்து தூரில் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வந்தார். ஒரு செடியைப் பிடுங்கித் தண்டை வெட்டி, வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் வடிகஞ்சி மாதிரி வெள்ளையாக நூல் நூலாக இறங்கியது. "இது பாக்டீரியா வாடல்டா. பூஞ்சாணத்துக்குக் குடுக்கறத இதுக்குப் போட்டா எப்படிக் கேக்கும்?" என்றார். உங்கள் இரண்டு பக்கத்தில் இந்த டம்ளர் எங்கே இருக்கிறது ஐயா?

அதே காட்டில் முந்தின போகம் கத்தரி வைத்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றை அடித்த கிருமி மண்ணிலேயே கிடந்து அடுத்ததையும் அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பயிர் மாற்றி வைப்பதற்கு அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. அப்புறம், மேல்காட்டுக்காரர் வாடின செடிகளைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார், அந்தத் தண்ணீர்தான் எனக்குப் பாய்ந்தது. நான் எவ்வளவு கவனமாக இருந்தால் அது என் வரப்போரம் வந்து திரும்பிப் போயிருக்கும் என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இது முதல் தடவையும் இல்லை. வெயிலில் மண்ணைச் சூடேற்றி நாற்றழுகலைத் தடுக்கும் முறையைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதினீர்கள், படத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தாள். அதைப் பார்த்து நானும் கறுப்புத் தாள் விரித்தேன். களை செத்தது, நாற்று வழக்கம் போல் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தது. மறுவருடம் பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் வெள்ளை பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போட்டு, ஓரமெல்லாம் மண் அணைத்து, சித்திரை வெயிலில் ஐந்து வாரம் விட்டேன். (ஆடு ஏறி இரண்டு இடத்தில் ஓட்டை போட்டது தனிக்கதை.) ஒரு மூலையைத் தூக்கிக் கையை விட்டால் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அந்த வருடம்தான் நாற்று நின்றது.

டிரைக்கோடெர்மா என்பது உயிருள்ள பூஞ்சை. எனக்குக் கடையில் கொடுத்த பொட்டலம் பதினோரு மாதம் பழசு, அதுவும் வெயில் விழும் அலமாரியில் இருந்தது. தேதி பார்த்து வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை எழுதினால் என்ன குறைந்துவிடும்? முன்பக்கம் இயற்கை, பின் அட்டையில் முழுப்பக்கம் பூஞ்சாணக்கொல்லி விளம்பரம். உங்களுக்கும் பிழைப்பு இருக்கிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படத்துக்கு நிற்கும் விவசாயிக்கு எப்போதும் மடிப்புக் கலையாத புதுத் துண்டு, அதையாவது விடுங்கள்.

இப்போது இரண்டு போகம் மக்காச்சோளம் போட்டுவிட்டு, வேரைத் தாக்கும் நூற்புழுவுக்காக ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட்டு, ஓரத்தில் செண்டுமல்லி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை, வாடலைத் தாங்கும் சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டின கத்தரி நாற்று வைத்துப் பார்க்கலாம் என்று யோசனை.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த டம்ளர் சோதனையைப் படத்தோடு கால் பக்கம் போடுங்கள். சித்திரைக்கு முன்னால் போட்டால் நல்லது, மண்ணைச் சூடேற்றக் கண்ணாடி போன்ற வெள்ளைத் தாள் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சந்தாதாரர்
(சந்தா இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது)