தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஜூன் 30 மாலை நடந்த என் பணிநிறைவு விழாவில் நன்றி சொல்ல ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மேடையில் அமர்ந்திருந்தவர்களின் பெயரைச் சொல்லி முடிப்பதற்கே அது சரியாகப் போய்விட்டது. முப்பத்தாறு வருடம் இந்தச் சென்னையில் நான் செய்த மரபணு ஆராய்ச்சியைத் தாங்கிப் பிடித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கூடத்துக்குள்ளேயே வரவில்லை. சிலர் இன்று உயிரோடும் இல்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல் வணக்கம் எங்கள் பசுமைக்குடில் அண்ணனுக்கு.

1997 கோடை. இலைகளைத் திட்டுத் திட்டாக நிறம் மாற்றும் தேமல் வைரசின் உறைப் புரதத்துக்கான மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் செலுத்தியிருந்தேன். செடி அந்தப் புரதத்தைத் தானே தயாரித்தால் வைரஸ் அதை அண்டாது என்பது அப்போதைய நம்பிக்கை. சோதித்துப் பார்த்ததில் பதினொரு தொட்டிகளில் புரதம் துளிகூட இல்லை. தோற்றுப்போன செடிகள் என்று முடிவு கட்டி, ஆட்டோகிளேவில் அவித்து அழித்துவிடும்படி அண்ணனிடம் சொன்னேன். ஆட்டோகிளேவ் அந்த வாரம் பழுது. அது சரியாகும் வரை தொட்டிகளை நோய்ச் செடிகள் இருந்த மூலையில் ஒதுக்கி வைத்தார். வைத்ததோடு விட்டிருக்கலாம். தினமும் தண்ணீரும் ஊற்றினார்.

மூன்று வாரம் கழித்து என் அறை வாசலில் வந்து நின்றார். "மேடம், நீங்க தூக்கச் சொன்ன செடி மட்டும் நல்லா இருக்குது. பக்கத்துல இருக்கிறதெல்லாம் தேமல் வந்துடுச்சு." ஓடிப்போய்ப் பார்த்தேன். தேமல் வைரஸ் கை பட்டாலே பரவும். ஒரே கையால் தண்ணீர் ஊற்றி, ஒரே கத்தரிக்கோலால் இலை நறுக்கிய இடத்தில் அந்தப் பதினொன்றும் பச்சைப் பசேலென்று நின்றன. புரதம் தயாரித்த செடிகளே சுமாராகத்தான் தாங்கியிருந்தன. புரதமே இல்லாத இவை எப்படித் தாங்கின?

விடையைத் தேட உதவியவர் எங்கள் நூலகர் அம்மா. இணையம் வீட்டுக்கு வராத காலம் அது. நான் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பழைய தொகுதிகளைப் புரட்டி இரண்டு கட்டுரைகளை நகலெடுத்துத் தந்தார். ஒன்று, அமெரிக்காவில் வில்லியம் டோஹர்ட்டியின் குழு 1993-இல் எழுதியது. என் புகையிலையில் நடந்தது அங்கேயும் நடந்திருந்தது. மற்றொன்று 1990-இல் வந்த பெட்டூனியா கட்டுரை. பூவின் ஊதா நிறத்தை இன்னும் ஆழமாக்க கரோலின் நபோலியும் ரிச்சர்ட் ஜோர்கென்சனும் நிறமி மரபணு ஒன்றைக் கூடுதலாகச் செலுத்தினார்கள். பூக்கள் வெள்ளையாகிவிட்டன. கூடுதலாக வந்த மரபணு தானும் பேசாமல், செடியின் சொந்த மரபணுவையும் வாயடைக்க வைத்திருந்தது. இரண்டையும் பெரம்பூருக்குத் திரும்பும் 29சி பேருந்தில் நின்றபடி படித்தேன். புரசைவாக்கம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

மறு வருடம் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் புழுவில் செய்த சோதனை வெளியானது. மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்வது ஆர்.என்.ஏ. அது இரட்டை இழையாக வரும்போதுதான் இந்த வாயடைப்பு தொடங்குகிறது என்று காட்டினார்கள். 2006-இல் நோபல் பெற்றார்கள். செடியின் செல் அந்த இரட்டை இழையை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டையே அடையாளமாக வைத்துக்கொண்டு, அதே வரிசையுள்ள ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்து வெட்டுகிறது. வைரஸ் உள்ளே வந்ததும் அதற்கும் அதே கதிதான். நாங்கள் சைலன்சிங் என்று சொல்லும் மரபணு ஒடுக்கம் இதுவே. பிறகு நான் எழுதிய ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் அந்தப் பதினொரு தொட்டிகளின் விதையிலிருந்து முளைத்தவை. அண்ணா, எந்த ஆய்வுக் கட்டுரையிலும் உங்கள் பெயரை ஆசிரியர் வரிசையில் போடவில்லை. இன்றைக்காக இருந்தால் போட்டிருப்பேன். மன்னிக்கவும்.

மாநகராட்சிப் பள்ளியில் எனக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்த டீச்சர் இதைப் படிக்க இல்லை. வீட்டிலிருந்து முளைக்கட்டிய பட்டாணியைக் கொண்டுவந்து மேசையில் பரப்பி மெண்டலின் மரபு விதிகளைத் தமிழில் விளக்கியவர். கல்லூரியில் ஆங்கிலம் மிரட்டியபோதெல்லாம் நான் மனசுக்குள் அந்தத் தமிழுக்குத்தான் திரும்பினேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தை எழுதாமல் இருக்க முடியாது. ஒன்றாம் தேதி இரவு ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. மைனஸ் 80 டிகிரி பிரீசர்களில் பதினெட்டு வருடத்துப் பாக்டீரியா சேமிப்பு, நாங்கள் கட்டிய ஒவ்வொரு மரபணுத் துண்டும் அதற்குள். மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவர் பிரீசர் மெக்கானிக். சைதாப்பேட்டையில் அவர் வீடே மூழ்கியிருந்தது. "யாரும் கதவைத் தொறக்காதீங்க. தொறக்காம இருந்தாலே பாதி பொழச்சுக்கும்" என்று சொல்லி, கதவுகளை டேப் போட்டு ஒட்டி, பெட்டிகளைக் கம்பளியால் சுற்றினார். மாணவர்கள் மூன்று பேர் வடசென்னையில் ஒரு ஐஸ்கிரீம் மொத்த வியாபாரியைக் கெஞ்சி, தெர்மோகோல் பெட்டிகளில் டிரை ஐஸ் சுமந்து வந்தார்கள். அந்த வியாபாரி காசு வாங்கவில்லை. ஒரேயொரு முறை, மெக்கானிக்கின் கண் எதிரிலேயே, கதவைத் திறந்து அதை நிரப்பினோம். மின்சாரம் திரும்பி வந்தபோது ஒரு குழாய்கூட உருகியிருக்கவில்லை. மெக்கானிக் தம்பி, நீங்கள் அன்று உங்கள் வீட்டுச் சாமானைக் காப்பாற்றப் போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கத்தரியை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மாணவி. ஜெனிஃபர் டவுட்னா, இம்மானுவேல் ஷார்ப்பென்டியே கட்டுரை 2012-இல் வந்தபோது எனக்கு 47 வயது. இனி இதையெல்லாம் இளையவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்த அந்தப் பெண் விடவில்லை. "ஒடுக்குறதுல செய்தியைத்தானே மேடம் பிடிச்சு வெட்டுறோம்? இதுல மரபணுவையே திருத்திடலாம். அடுத்த தலைமுறையில கத்தரியைப் பிரிச்சு எடுத்துட்டா, திருத்தம் மட்டும்தான் மிஞ்சும்" என்று வெள்ளைப் பலகையில் எனக்கே பாடம் எடுத்தாள். அம்பை 16 நெல்லில் பச்சையத்தைக் காக்கும் மரபணு ஒன்றை முதலில் வெட்டிப் பார்த்தோம். திருத்தம் நடந்தால் நாற்று வெளுத்து வரும், கண்ணாலேயே தெரிந்துவிடும். எட்டு மாதம் எல்லாம் பச்சையாகவே வந்தன. ஒரு திங்கட்கிழமை காலை ஆய்வுக் குப்பிக்குள் பால் மாதிரி ஒரு நாற்று நின்றது. மரபணுவின் எழுத்து வரிசைப் படத்தில் ஒரே ஒரு எழுத்து காணாமல் போயிருந்தது. வெள்ளைப் பெட்டூனியாவைப் படித்துத் தொடங்கிய எனக்கு வெள்ளை நாற்று. அவள் அழுதாள், நானும் அழுதேன்.

வீட்டைப் பற்றி அதிகம் எழுதினால் அவர்களுக்கே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் திசு வளர்ப்புக் குப்பிகளை மாற்ற நான் கிளம்பும்போது "போய்ட்டு வா, குழந்தையை நான் பாத்துக்கிறேன்" என்ற என் மாமியாருக்கும், அவர் போன பிறகு அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்ட என் கணவருக்கும் கோடி நன்றி. ஒரு முறை தேர்வுக்குழு ஒன்றில், கைக்குழந்தை இருக்கும்போது வெளிநாட்டுப் பயிற்சி எதற்கு என்று கேட்டார்கள். அது கேட்கத் தகாத கேள்வி என்று எழுந்து சொன்னவர் அந்த அறையில் ஒருவர்தான். ஐயா, உங்களுக்கும்.

கடைசியாக மதுராந்தகம் பக்கத்து உளுந்து விவசாயிக்கு. 1999 முதல் உங்கள் கொல்லையில் மஞ்சள் தேமல் கண்ட இலைகளைப் பறித்து வந்திருக்கிறேன். வெள்ளை ஈ பரப்பும் அந்த வைரசால் உங்கள் மகசூல் மொத்தமும் அழிந்த வருடத்திலும், எனக்கு மோர் கொடுத்து, நோய் வந்த பாத்தியையும் வராத பாத்தியையும் தனித்தனியாகக் காட்டினீர்கள். 2003-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுத்தம்பி குழுவும் சுவிஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வால் நோயுற்ற உளுந்துச் செடிகள் தேறுவதைக் காட்டியபோது, அந்தச் செய்தியை உங்களிடம் ஓடிவந்து சொன்னேன். "அப்போ அடுத்த பட்டத்துக்கு வெதை வருமாம்மா?" என்று கேட்டீர்கள். வரவில்லை. உளுந்தைத் திசு வளர்ப்பில் முழுச் செடியாக மீட்பது பெரும்பாடு. போதாததற்கு, செடியின் ஒடுக்கத்தையே முடக்கும் புரதங்களை அந்த வைரஸ் வைத்திருக்கிறது. இருபது வருடம் அந்த இரண்டோடும்தான் மல்லுக்கட்டினோம்.

2022 மார்ச்சில், அயல் மரபணு இல்லாத திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான விதிகள் சிலவற்றிலிருந்து மத்திய அரசு விதிவிலக்கு தந்தது. 2025 மே 4-ஆம் தேதி இரண்டு திருத்தப்பட்ட நெல் ரகங்களை அறிவித்தார்கள். அதில் ஒன்று நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. அன்று இரவே நீங்கள் போன் செய்தீர்கள். "நெல்லுக்கு வந்துடுச்சாமே டாக்டரம்மா, உளுந்துக்கு?" என்றீர்கள்.

வைரசுக்குத் துணைபோகும் உளுந்தின் சொந்த மரபணுக்களைத் திருத்தும் வேலையை அந்தத் திருவண்ணாமலைப் பெண் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் எங்கள் துறையிலேயே விஞ்ஞானி. உங்கள் கொல்லை இலைகளிலிருந்து பிரித்த வைரஸ் சேமிப்பையும் 26 வருடக் குறிப்பேடுகளையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டேன். மாசிப் பட்டத்தில் அவளை உங்களிடம் அழைத்து வருகிறேன். நோய் வந்த பாத்தியையும் வராத பாத்தியையும் அவளுக்கும் காட்டுங்கள் ஐயா.

நன்றியுடன்,
உங்கள் டாக்டரம்மா
அடையாறு, சென்னை