மதகுக்கருவியும் செயலித் தேர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன்னார்குடி அருகே வாய்க்கால் மதகில் நீர்மட்டம் அளக்க, 2012-இல் வெளிவந்த முதல் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகைக்காக, பில்ட்ரூட் என்ற கட்டமைப்பு மென்பொருள் வழியே லினக்ஸ் இயங்குதளத்தைக் கட்டமைத்தபோது, செயலியை (ப்ராசஸரை) ஏஆர்எம்வி7 வகையான கோர்டெக்ஸ்-ஏ7 என்று நான் தவறாகக் குறித்துவிட்டதால், கருவி கிளம்பவே இல்லை. அப்பலகையில் இருப்பது ஏஆர்எம்1176 செயலி. அது ஏஆர்எம்வி6 என்ற பழைய கட்டளைத்தொகுதி வகையைச் சேர்ந்தது என்பதால் ஏஆர்எம்வி7 கட்டளைகள் அதற்கு விளங்காது. அமைப்புப் பட்டியலில் செயலியைத் திருத்தினால் போதும் என்று எண்ணியதும் பிழையே (இரண்டு இரவுகள் அதில் வீணாயின): பழைய கோப்புகளை பில்ட்ரூட் தானாக மறுதொகுப்புச் செய்வதில்லை, அவற்றை அழிக்கும் 'மேக் கிளீன்' கட்டளையைக் கொடுத்து, நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பியிலிருந்தே எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டும். மேட்டூர் நீர் வருமுன் கருவி பொருத்த முனையும் டெல்டா பாலிடெக்னிக் மாணவர்களுக்கு, செயலியின் தரவுத்தாளைப் படிக்கும் பயிற்சியை ஆய்வகத்திலேயே அளிக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மன்னார்குடி