ஆண்டறிக்கை: ஜப்பான் காலத்துப் பதவிச் சின்னங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாணயம், தபால்தலை, பதக்கம் என்று சேகரித்து வரும் நம் சங்கம், சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி இந்த ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டது: 1941 டிசம்பர் 8-இல் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானிய ராணுவத்தின் பதவிகளும் சின்னங்களும். மாதக் கூட்டங்கள் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார்.

ஏன் இந்தப் பொருள் என்று சிலர் கேட்டார்கள். நம் வீடுகளில் ஜப்பான் காலக் கதை இல்லாத வீடு குறைவு. அந்தக் கதைகளில் வருகிற ஜப்பான்காரன் எல்லாருமே 'ஜெனரல்', இல்லாவிட்டால் 'கேப்டன்'. சயாம் மரண ரயிலுக்கு, அதாவது சயாம்-பர்மா ரயில் பாதை போட, ஆள் பிடித்தவன் யார், அறைந்தவன் யார் என்று எழுதி வைக்கும்போது பதவி தவறினால், சாட்சி சொன்னவர்களின் வார்த்தையையே பிறகு யாராவது சந்தேகப்படுவார்கள். அது நடக்கக் கூடாது.

முதல் இரண்டு கூட்டங்களில் அடிப்படையைப் படித்தோம். 1938-இல் வந்த புதிய சீருடையில் தோள்பட்டைச் சின்னம் போய், சட்டைக் காலரில் பதவிச் சின்னம் வந்தது. நட்சத்திரம் இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்றுதான். வெறும் சிவப்புத் துணியில் அவை இருந்தால் நித்தோஹெய், இத்தோஹெய், ஜோதோஹெய் என்ற சாதாரணச் சிப்பாய்கள். நடுவில் ஒரு பொன்னிறக் கோடு ஓடினால் கோச்சோ, குன்சோ, சோச்சோ. நம் வழக்கில் சார்ஜெண்ட் வகை. கோடு மட்டும் இருந்து நட்சத்திரம் இல்லையென்றால் 1940-இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஹெய்ச்சோ என்ற சிப்பாய்ப் பதவி. அதிகாரிகளுக்கு ஓரங்களிலும் பொன்னிறம் ஏறும். கேப்டன் வரை நடுவில் ஒரு கோடு, மேஜர் முதல் கர்னல் வரை இரண்டு. ஜெனரல்களுக்கு முழுப் பரப்பும் பொன். ஆக, மூன்று நட்சத்திரம் போட்டவன் சிப்பாயாகவும் இருக்கலாம், ஜெனரலாகவும் இருக்கலாம். முதலில் அடித்துணியைப் பார், அப்புறம் நட்சத்திரத்தை எண்ணு என்பதுதான் எங்கள் பாடம்.

பெயர்களிலும் அதே ஒழுங்கு. ஷோ என்றால் சிறியது, சூ நடுவானது, தாய் பெரியது. ஷோசா மேஜர், சூசா லெப்டினன்ட் கர்னல், தாய்சா கர்னல். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு மாணவ உறுப்பினர்கள் எங்களை முந்திவிட்டார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தபோது ஜப்பானியத் தளபதி யமாஷிதா சூஜோ, அதாவது லெப்டினன்ட் ஜெனரல். பொன் பரப்பில் இரண்டு நட்சத்திரம். எதிரே அமர்ந்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலும் அதே பதவிதான். யமாஷிதா தாய்ஷோ, அதாவது முழு ஜெனரல், ஆனது 1943-இல்.

ஆகஸ்ட் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். ஓர் உறுப்பினர் தாத்தாவின் பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு துணித் துண்டு. சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. நடுவில் கோடு, இரண்டு உலோக நட்சத்திரங்கள், ஒன்றின் முனை மழுங்கியிருந்தது. விளிம்பில் தையல் நூல் இன்னும் தொங்கியது. 'ஜெனரல் கழற்றிப் போட்டது' என்று வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்களாம். குன்சோ, அதாவது சார்ஜெண்ட் என்று சொன்னதும் அவர் முகம் வாடவில்லை. "அப்படியா, தாத்தாவை வேலைக்கு இழுத்தவனும் அந்த மாதிரி ஆளாத்தான் இருந்திருப்பான்" என்றார். தோட்டத்துக்கு நேரில் வந்து உத்தரவு போட்டவர்களில் இந்தக் கீழ்ப்பதவிக்காரர்களே அதிகம் என்று நானும் நினைக்கிறேன். அந்த ராணுவத்தில் மேலே உள்ளவன் கீழே உள்ளவனை அறைவது வழக்கம். அறை வாங்கிய சிப்பாய்க்குக் கீழே இருந்தது நம் மக்கள்தான்.

கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் பற்றிய கூட்டத்துக்கு முதியவர்கள் பலர் வந்தார்கள். கையில் வெள்ளைப் பட்டை, அதில் சிவப்பு எழுத்து. பதவி எதுவானாலும் அந்தப் பட்டையைத்தான் ஊர் பயந்தது. ஒரு பாட்டி படத்தைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். அன்று கேள்விகளை அத்தோடு நிறுத்தினோம்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். நாங்கள் பார்க்கப் போன ஒரு காட்சிக்கூடத்தில் ஜோதோஹெய் சின்னத்தின் கீழ் 'ஜெனரல்' என்று எழுதியிருந்தது. கடிதம் கொடுத்தோம், இன்னும் பதில் இல்லை. மீண்டும் எழுதச் செயலவை முடிவு செய்திருக்கிறது.

வரும் ஆண்டில், முதியோர் வாக்குமூலங்களைச் சின்னப் படங்களோடு வைத்துப் பதிவு செய்யும் பணியைத் தொடங்குகிறோம். படத்தைக் காட்டி, 'இதுவா, அதுவா' என்று நாமே வாயில் வார்த்தையைத் திணிக்காமல், அவர்களே சுட்டிக்காட்டும்படி கேட்க வேண்டும். இதற்கு ஒலிப்பதிவு தெரிந்த இருவர் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்