என் கையெழுத்தும் என் நினைவும்

நாகர்கோவில்

அன்புள்ள தங்கராஜுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பேத்தியின் பெயர் சட்டென்று வாயில் வராமல் தடுமாறியதை எழுதி, மறதி வந்துவிட்டதோ என்று அஞ்சியிருந்தாய். நம் வயதில் பெயர்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றுகொள்வது வழக்கந்தான்; எனக்கும் அப்படியே. என்னைக் கலங்கவைத்தது வேறொன்று.

சென்ற வாரம் அலமாரியை ஒதுக்கும்போது 2004ஆம் ஆண்டின் டைரி அகப்பட்டது. சுனாமி வந்த டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், வடசேரி கனகமூலம் சந்தையில் நேந்திரங்குலைக்கு விலை பேசிக்கொண்டு நின்றேன் என்றும், கடல் ஊருக்குள் ஏறிவிட்டதென்று ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார் என்றும் இத்தனை ஆண்டுகளாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அந்தக் குலையின் நிறம்கூடக் கண்ணில் நிற்கிறது. ஆனால் மறுநாள் என் கைப்பட எழுதிய பக்கத்தில், நான் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்ததாகவும், நீ ஸ்கூட்டரில் வந்து செய்தி சொன்னதாகவும் இருக்கிறது. நீயோ முன்பொரு கடிதத்தில், நாம் இருவரும் அண்ணா பேருந்து நிலையத்தில் குளச்சல் பேருந்துக்குக் காத்திருந்தபோதுதான் செய்தி தெரிந்தது என்று எழுதியிருந்தாய்! அதற்குள் நீ ஸ்கூட்டரை விற்றுவிட்டாய் என்றல்லவா என் மனம் சொல்கிறது?

இதைப் போன்ற ஒன்றை உல்ரிக் நைசர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆய்ந்திருக்கிறார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் வெடித்தது. செய்தி எங்கே, யார் மூலம் தெரிந்தது என்று மறுநாளே மாணவர்களிடம் அவர் எழுதி வாங்கிக்கொண்டார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து அதே கேள்விகளை 44 பேரிடம் கேட்டபோது, அவர்களுள் 11 பேர் முக்கியமான விவரங்களில் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. தவறாகச் சொன்னவர்களில் பலர் முழு உறுதியோடு சொன்னார்கள். அவர்கள் எழுதிய தாளையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. டைரியைப் பார்த்தபின் என் நிலையும் அதுவே. எழுத்து என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். நேந்திரங்குலையை மட்டும் விட மனமில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு 2000ஆம் ஆண்டில் கரீம் நாடர் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் எலிகளிடம் செய்த சோதனை ஓரளவு விடை தருகிறது. ஓர் ஒலி கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று அஞ்சப் பழகிய எலிக்கு, அந்த ஒலியை மறுபடி கேட்கச் செய்தபின், நினைவு நிலைக்கத் தேவையான புதிய புரதம் மூளையில் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், பின்னர் அந்த அச்சம் காணப்படவில்லை. ஒலியை நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் அச்சம் அப்படியே இருந்தது. அதாவது, நினைவை எடுக்கும்போது அது இளகுகிறது, திரும்ப இறுகுவதற்குள் மாறக்கூடும். மனிதருக்கும் இது எந்த அளவு பொருந்தும் என்பதில் விவாதம் உண்டு என்றாலும், சுனாமிக் கதையை நான் நூறு முறையாவது சொல்லியிருப்பேன் என்பதை எண்ணிப் பார். எந்த முறை சொன்னபோது சந்தை உள்ளே நுழைந்ததோ!

எல்லா நினைவும் இவ்வாறு இளகுவதில்லை போலும். கடைசிக் காலத்தில் என்னை மாமாவின் பெயர் சொல்லி அழைத்த அம்மாவின் கையில் தென்னோலையைக் கொடுத்தால், விரல்கள் பிசகாமல் முடைந்துவிடும். வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் இருபுறமும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை அறுத்தெடுத்தபின் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த இயலாத ஹென்றி மொலெய்சனும், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார். முந்தைய நாள் வரைந்ததோ அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டதால் இனி உன் சாட்சியம் செல்லாது. என் டைரி உன் நினைவிலும் கலந்திருக்கும். ஆகவே இக்கடிதத்தைத் தங்கச்சி லீலாவிடம் காட்டாதே. அன்று காலை நீ எங்கே போனாய், எதில் போனாய் என்று மட்டும் அவளிடம் கேட்டு, சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் செல்லப்பன்