கட்டு தளரக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய போட்டோவை நேற்றிலிருந்து எத்தனை தடவை பார்த்தேனோ, கணக்கில்லை. முதலில் உன்னைத்தான் பார்த்தேன். முகத்தில் அப்பா ஆன களையும் தெரிகிறது, களைப்பும் தெரிகிறது. அப்புறம்தான் பாப்பாவைக் கவனித்தேன். பிள்ளையைச் சுமக்கும் நீளத் துணியைச் சுற்றி அவளை நெஞ்சில் கட்டியிருக்கிறாய், சரி. ஆனால் அவள் தலை உன் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு நேராக இருக்கிறது. அவள் முகவாய் அவள் நெஞ்சிலேயே புதைந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

இறுக்கினால் பிள்ளைக்கு வலிக்குமே என்று பயந்துதான் தளர விட்டிருப்பாய். நானும் அதே தப்பைச் செய்தவள்தான். உன் அக்கா மகனை முதல் தடவை கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நாலு நடை நடப்பதற்குள் அவன் சரிந்து என் வயிற்றுக்கு வந்துவிட்டான். அவிழ்த்துக் கட்டச் சோம்பல்பட்டு, ஒரு கையால் அவனைத் தாங்கிக்கொண்டே திரிந்தேன். கையால் தாங்க வேண்டுமென்றால் அந்தத் துணி எதற்கு?

சரிந்தால் முதுகு வில்லாய் வளையும், தலை முன்னால் கவிழும். பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லிசு; முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப் போகும் வழி அடைபடும். கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தலையைத் தானாக நிமிர்த்தத் தெம்பு ஏது? மூச்சு முட்டினால் அழுது காட்டும் என்று நினைத்துவிடாதே. சத்தமே வராது. நன்றாகத் தூங்குகிறது என்று நாம் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். முதல் நாலு மாதம் இதில் ரொம்பக் கவனம் வேண்டும். அவள் மட்டும் குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்திருந்தால், டாக்டரைக் கேட்காமல் கட்டவே விட்டிருக்க மாட்டேன்.

நீ வாங்கியிருப்பது இழுத்தால் நீளுகிற பனியன் துணி. அதைப் பிள்ளையை வைக்கும் முன்பே கட்டி முடிக்க வேண்டும், உடம்பை ஒட்டி, பனியன் போட்டது போல. பிள்ளையை வைத்ததும் அது எப்படியும் கொஞ்சம் நெகிழும். நீளாத நெசவுத் துணி என்றால் முறை வேறு, பிள்ளையை வைத்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இறுக்க வேண்டும். கட்டியதும் நீ குனிந்தால் அவள் உச்சியில் முத்தம் கொடுக்க முடிய வேண்டும், அதுதான் உயரம். அவள் முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் உன் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூக்கு உன் மேல் அழுந்தாமல், கன்னம் பதிந்து தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். துணி முகத்தில் ஏறவே கூடாது.

கால்கள் கீழே தொங்கக் கூடாது. தவளை உட்கார்ந்த மாதிரி, முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து, தொடைகள் விரிந்திருக்க வேண்டும். இந்த வயதில் இடுப்பு மூட்டின் கிண்ணம் இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்புதான். கால் நேராகத் தொங்கினால் மூட்டு சரியாகப் படியாமல் போகலாம். துணியை ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை விரித்துவிடு.

தோள் வலிக்கிறது என்றாயே, துணி கயிறாய்த் திரண்டு கழுத்தோரம் ஏறியிருக்கும். தோள் முனை வரை விரித்துவிடு. இடுப்பு வலித்தால் பிள்ளை தாழ இருக்கிறாள் என்று அர்த்தம். கீழே எதையாவது எடுக்க முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடு.

அடுப்படியும் சூடான காபியும் அவளைக் கட்டியிருக்கும்போது வேண்டாம். காரில் போனால் அவளுக்கான சீட்டில்தான். துணியே இரண்டு மூன்று சுற்று இருப்பதால் உள்ளே மெல்லிய சட்டை ஒன்று போதும். பிடரியைத் தொட்டுப் பார், வேர்த்திருந்தால் எடுத்துவிடு. கட்டியபடியே பால் கொடுத்தால், குடித்து முடித்ததும் பழையபடி நிமிர்த்தி உயர்த்திவிடச் சொல் உன் வீட்டுக்காரியிடம். முதுகில் கட்டும் யோசனை இருந்தால் இந்தத் துணியில் வேண்டாம், நிற்காது.

முதலில் ஒரு தலையணையைக் கட்டிப் பழகு. சிரிக்காதே, நான் பழகியது அப்படித்தான். பிறகு மெத்தை ஓரம் நின்று பாப்பாவை வை. கட்டி முடித்ததும் பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உன் முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவள் முகவாய் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா