சவுண்ட்பார் ஊர் ஊராக வருகிறது, சர்வீஸ் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு ஒலிச் சாதனங்களை விற்கும் நிறுவனங்கள் இன்று தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்கும் நான்கைந்து நாளில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிடுகின்றன. பழுதானால் மட்டும் சென்னைக்கோ கோவைக்கோ கொண்டு போகச் சொல்கிறார்கள். வாரண்டி அட்டையைக் கவனித்துப் படித்தால், பல மாடல்களுக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவையே கிடையாது என்பதும், போக்குவரத்துச் செலவு வாங்கியவர் தலையில் என்பதும் பொடி எழுத்தில் இருக்கும். சப்வூஃபரை (கனத்த தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி) லாரி பார்சலில் போடும்போது கீழே விழுந்தால் மேக்னெட் இடம் நகர்ந்துவிடும். கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்தினால் சரசரவென்று உரசும் சத்தம் கேட்கும். கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் மாட்டிக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். அனுப்பிய பழுது ஒன்று, போய்ச் சேரும்போது இரண்டு. இரண்டாவதற்கு யார் பொறுப்பு என்ற வழக்கு வேறு.

டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரோடு வரும் வயர்லெஸ் சப்வூஃபர் வேலை செய்யவில்லை என்பதுதான் மிகுதியாக வரும் புகார். விளக்கு எரிந்து சிமிட்டிக்கொண்டே இருந்தால் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. இரண்டு பிளக்கையும் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்து மாட்டி, சப்வூஃபரின் பின்புறமுள்ள, இரண்டையும் இணைக்கும் பேரிங் (pairing) பட்டனை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கால் சென்டரில் முதலில் சொல்ல வேண்டியது இது. ஆனால் அங்கே புகார் எண் மட்டும் கொடுத்து 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள்.

விளக்கே எரியவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது பவர் சப்ளை போர்டு. கழற்றிப் பார்த்தால் குறைந்த வோல்ட் வெளிவரும் பக்கத்திலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளை) ஒன்றின் தலை உப்பியிருக்கும். ரிமோட்டில் அணைத்தாலும் அந்த போர்டில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கை ஒட்டியே கெப்பாசிட்டரை வைத்திருப்பதால் உள்ளிருக்கும் திரவம் வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பழுது பார்க்கும் எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு. 105 டிகிரி தரம் போடவேண்டிய இடத்தில் 85 டிகிரி போட்டு மிச்சம் பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு. மாற்ற வேண்டிய பொருளின் விலை சில பத்து ரூபாய். (வாசகர்கள் தாங்களாகத் திறக்க வேண்டாம். வீட்டு மின்சாரம் நுழையும் பக்கத்தில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் தங்கும்.)

கம்பெனி சர்வீஸ் சென்டர் இந்தக் கெப்பாசிட்டரை மாற்றாது. போர்டையே மாற்றும். போர்டு இல்லை, மாடல் நின்றுவிட்டது என்றால் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கத் தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். சப்வூஃபர் மட்டும் தனியாகக் கேட்டால் விற்பதில்லை. வேறு மாடலுடையதைக் கொண்டுவந்து சேர்க்கவும் முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று வயர்லெஸ் மாட்யூலும் மென்பொருளும் வைத்திருக்கிறது. இப்படித்தான் நன்றாக ஓடும் சவுண்ட்பாரும் துணையில்லாமல் காயலான் கடைக்குப் போகிறது.

சர்க்யூட் படம் இல்லாததால் வெளியில் பழுது பார்ப்பவர்களும் தடுமாறுகிறார்கள். பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பின்மூடிக்குள் சர்க்யூட் படத்தையே ஒட்டி அனுப்பினார்கள். இப்போது சில போர்டுகளில் ஐசி (சிப்) மேலிருக்கும் எண்ணைக்கூடச் சுரண்டி அனுப்புகிறார்கள்! படம் இல்லாத இடத்தில் தப்பும் நடக்கிறது. 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையரில் கைக்குக் கிடைத்த 4 ஓம் ஸ்பீக்கரைப் போட்டுவிட, கொஞ்ச நாளில் சூடேறி அவுட்புட் ஐசி போய்விடும்.

வெளிநாட்டு பிராண்டுகளில் இன்னொரு சிக்கல். இந்தியாவுக்கு இறக்குமதி செய்பவர் மாறிவிட்டால், முந்தையவர் கொண்டுவந்த பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று புதியவர் கைவிரிப்பார். முந்தையவர் இப்போது எங்களுக்கும் அந்த பிராண்டுக்கும் தொடர்பில்லை என்பார். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011இன்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரிப்பு மாதம், ஆண்டு, புகாருக்கான தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். அந்த ஒட்டுத்தாளைக் கிழித்தாவது பத்திரப்படுத்த வேண்டும். பில்லையும் படம் பிடித்து வைக்க வேண்டும். வெப்பத்தாளில் அடித்த பில் வாரண்டி முடிவதற்குள் வெளுத்துவிடும். வாங்கும்போதே கடைக்காரரிடம் நம் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, சப்வூஃபரும் ரிமோட்டும் அடாப்டரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது. தள்ளுபடியைவிட இந்த பதிலுக்கு மதிப்பு அதிகம்.

நிறுவனம் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலையத் தேவையில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தொலைபேசியில் பேசியதை நிரூபிப்பது கடினம் என்பதால் ஒவ்வொரு புகாரையும் மின்னஞ்சலிலும் அனுப்பி வைப்பது அவசியம்.

பழுதுநீக்கும் உரிமைக்கென ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. ஆனால் உதிரிபாகத்தை இத்தனை ஆண்டு கொடுத்தே தீரவேண்டும் என்று ஒலிச் சாதன நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தொலைக்காட்சிகளுக்கு 2021 மார்ச் முதல் அதைச் செய்துவிட்டது. கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டு முக்கியமான உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். இங்கே முதல் படியாக, உதிரிபாகம் எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்ற ஒரே ஒரு வரியை அதிகபட்ச சில்லறை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி 2011 விதிகளைத் திருத்துமாறு அத்துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின்னணு சாதனப் பழுதுநீக்குநர்கள்,
மதுரை.