உன் மேசை பற்றி

கோத்தகிரி

அன்புள்ள தோழிக்கு,

பையனுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் உன் கடிதத்தில் என் மனசில் நின்றது ஆபீஸ் செய்திதான். இனி யாருக்கும் சொந்த மேசை கிடையாது, தினமும் ஆப்பில் சீட் புக் செய்துதான் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யும்போது காலி மேசைக்கு எதற்கு வாடகை என்று நிர்வாகம் கேட்பது நியாயம்தான். ஆனால் இதை 1994இலேயே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விளம்பர நிறுவனம் செய்து பார்த்துவிட்டது. ஷயட் டே என்று பெயர். காலையில் கவுண்டரில் வரிசையில் நின்று போனும் லேப்டாப்பும் வாங்க வேண்டும், சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். கருவிகள் எல்லோருக்கும் போதவில்லை. ஃபைல் வைக்க இடமில்லாமல் சிலர் கார் டிக்கியையே அலமாரி ஆக்கிக்கொண்டார்கள். நாலைந்து வருஷத்தில் புதுக் கட்டிடம் பார்த்து அவரவருக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள்.

நானும் இப்போது, வெவ்வேறு வேலை செய்கிறவர்கள் வந்து உட்காரும் ஒரு பொது ஆபீஸில், பகிர்ந்த மேசையில்தான் வேலை பார்க்கிறேன். அக்டோபர், நவம்பர் மழையில் இந்தப் பக்கம் மரம் விழுந்தால் வீட்டில் கரண்டும் போகும், நெட்டும் போகும். அந்த ஆபீஸில் இன்வெர்ட்டர் இருக்கிறது, இரண்டு நெட் இணைப்பு இருக்கிறது. கிடைத்த மேசையில் உட்காருகிறேன், ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் தேயிலைக் கணக்கு எழுதுகிறவர், எதிரே டிசைன் செய்யும் பெண். யாருக்கும் யாரையும் தேடும் வேலை இல்லை.

உன் நிலைமை அப்படியா? உன்னிடம் புதுப் பிள்ளைகள் வேலை கற்கிறார்கள். வாடிக்கையாளர் கோபமாகப் பேசும்போது நீ எப்படிப் பதில் சொல்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தானே பழகுவார்கள்? நீ ஒரு மாடி, அவர்கள் வேறு மாடி என்றால், சின்னச் சந்தேகத்துக்காக எழுந்து வரத் தயங்குவார்கள். எனக்கு இதுதான் கவலை.

அதனால் மேசைக்காகச் சண்டை போடாதே. உங்கள் குழுவுக்கென்று ஒரு பகுதியைக் கேள். பத்துப் பேருக்கு ஏழு மேசை என்றாலும் சரி, ஒரே இடத்தில் இருக்கட்டும். யார் எந்த நாள் வருவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு லாக்கர் கட்டாயம். அப்புறம், உன் முதுகு வலிக்குச் சரிசெய்து வைத்த நாற்காலியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. டாக்டர் சீட்டு வாங்கிக் கொடு.

மேலாளர் என்ன சொன்னார் என்று எழுது. லீவில் காரில் வருவதானால் முன்னாடியே நீலகிரிக்குள் வண்டி வருவதற்கான இ-பாஸ் எடுத்துவிட்டு மேட்டுப்பாளையம் வழியாக நேராக இங்கே வா.

அன்புடன்,
உன் பழைய தோழி